மாடக்குளத்துக்குக் கீழே

பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் மதுரைக்கு ஒரு முகவரி உண்டு: ‘மாடக்குளக்கீழ் மதுரை’. மாடக்குளம் கண்மாயின் பாசனத்துக்குள் அடங்கிய ஊர் என்று பொருள். நிலவரியும் நீர்ப்பங்கும் எழுதுவதற்காக ஏற்பட்ட சொல். ஆனாலும் அந்தக் ‘கீழ்’ என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். கண்மாய்க்குக் கீழ் இருப்பவருக்குத்தான் தண்ணீர் பாயும். கரை உடைந்தாலும் தண்ணீர் அதே வழியில்தான் வரும். சோறும் ஆபத்தும் ஒரே திசையில் இருந்தன என்பதை அன்றைக்கு அந்த ஊரில் வாழ்ந்த எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

இன்றைக்கு விளக்க வேண்டியிருக்கிறது. மதுரையில் டீக்கடைக்குப் போனால் முல்லைப் பெரியாறு அணை பலமாக இருக்கிறதா என்று பேச நாலு பேர் கிடைப்பார்கள். 1895-ல் கட்டியது, 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, கம்பி வடம் போட்டுக் கான்கிரீட் வைத்து வலுப்படுத்தியது எல்லாம் சரளமாக வரும். வாழ்வாதாரம் அது, பேசத்தான் வேண்டும். ஆனால் அதே நண்பரிடம் அவர் வீட்டுக்கு மேலே எந்தக் கண்மாய் இருக்கிறது, அதன் கலுங்கு எந்தப் பக்கம், மறுகால் போனால் தண்ணீர் எந்தத் தெரு வழியாக வைகைக்குப் போகும் என்று கேட்டால் பதில் வராது. தல்லாகுளம், பீபிகுளம், ஆலங்குளம், கோசாகுளம், புளியங்குளம், உலகனேரி என்று பஸ் நிறுத்தங்களின் பெயரிலேயே தண்ணீர் இருந்தும் வராது.

சின்ன நீர்த்தேக்கம்தானே, அதில் என்ன ஆபத்து என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம். அந்த எண்ணம் எங்கே சரி, எங்கே தவறு என்று பொறுமையாகப் பார்க்கலாம்.

முதலில் அளவு. செய்தித்தாளில் தினமும் அணை நிலவரம் வருகிறது: பெரியாறு 152 அடி, வைகை 71 அடி, சோத்துப்பாறை, மஞ்சளாறு, மருதாநதி என்று போய்க் கடைசியில் சாத்தையாறு, 29 அடி. சிறுமலை அடிவாரத்தில் பாலமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சாத்தையாறு அணைதான் மதுரைக்காரர்களின் சின்ன அணை. அதற்கும் கீழே, பெயர் செய்தியில் வராத கண்மாய்கள் நூற்றுக்கணக்கில். இவற்றின் கொள்ளளவை மில்லியன் கன அடியில் எழுதுவார்கள். ஒரு மில்லியன் கன அடி என்பது ஏறக்குறைய 2 கோடியே 83 லட்சம் லிட்டர். தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கணக்குப் போட்டால் 2,300 லாரிக்கு மேல். ஓர் ஒன்றியக் கண்மாயிலேயே இப்படிச் சில மில்லியன் கன அடி நிற்கும். கரை உடைந்தால் அத்தனை லாரியும் ஒரே மணி நேரத்தில் ஒரே சந்தில் நுழைவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கரையைத் தள்ளுகிற விசையின் கணக்கு வேறு. அதற்குக் கண்மாயின் பரப்பு பொருட்டே இல்லை, ஆழம் மட்டும்தான். மூன்று மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது சுமார் நாலரை டன் விசையோடு பக்கவாட்டில் தள்ளும். கண்மாய் பத்து ஏக்கராக இருந்தாலும் ஆயிரம் ஏக்கராக இருந்தாலும் இதேதான். ஆழம் நாலு மீட்டரானால் அந்த நாலரை, எட்டு டன்னாகிவிடும். ஒரு மீட்டர் ஏறியதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ‘இன்னும் கொஞ்சம் தேக்கினால் என்ன’ என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முல்லைப் பெரியாறு போன்ற கல் அணை தன் கனத்தால் நிற்கிறது. கண்மாய்க்கரை மண். அகலத்தாலும் சரிவாலும் இறுகிய களிமண்ணாலும் நிற்கிறது. நன்றாகப் போட்ட மண்கரை ஆயிரம் வருஷம் நிற்கும், மாடக்குளமே சாட்சி. ஆனால் மண்கரைக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. மேலே வழிந்தால் தாங்காது. உள்ளே தண்ணீர் வழி கண்டுபிடித்துவிட்டாலும் தாங்காது. உலகம் முழுக்க மண் அணைகள் உடைந்ததில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றால்தான்.

உள்ளே வழி கண்டுபிடிப்பது எப்படி என்று பார்க்கலாம், ஏனென்றால் இது கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. எந்த மண்கரையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். வெளிச் சரிவின் அடியில் ஈரம் தட்டும், கோரை முளைக்கும். அது தெளிந்த தண்ணீராக, ஒரே அளவில் இருக்கும்வரை பெரிய கவலை இல்லை. கசிகிற தண்ணீர் மண் துகளையும் இழுத்துக்கொண்டு வரத் தொடங்கும்போதுதான் ஆபத்து ஆரம்பம். வெளிப்பக்கம் ஒரு துகள் போனால் அந்த இடத்தில் சின்ன ஓட்டை. ஓட்டை வழியாகத் தண்ணீர் இன்னும் வேகமாக வரும், வேகம் கூடினால் இன்னும் மண் போகும். இப்படி வெளியிலிருந்து உள்நோக்கி ஒரு குழாய் வளர்ந்து கண்மாய்த் தண்ணீரைத் தொடும் நாளில் கரை உட்காரும். விரலளவு கசிவு ஆள் நுழையும் பொத்தலாவதற்குச் சில மணி நேரமே போதும்.

தண்ணீர் தானாக வழி தேடுவதற்கு முன்பே நாமும் மற்ற உயிர்களும் வழி போட்டுக் கொடுத்துவிடுகிறோம். நண்டு வளை, எலி வளை, கறையான் புற்று. வெட்டிய மரத்தின் வேர் மண்ணுக்குள் மக்கினால் அந்த இடம் அப்படியே குழாயாகிவிடும். உயிரோடிருக்கும் பனையின் சல்லிவேர் கரையைப் பிடித்து வைத்திருக்கும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது சரிதான். ஆனால் சீமைக் கருவேலத்தை அடியோடு வெட்டிவிட்டு வேரை அப்படியே விட்டால் நாலைந்து வருஷத்தில் அது மக்கும். வெட்டியவர் அதற்குள் மறந்திருப்பார். கரிசல் மண் உள்ள திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் இன்னொன்றும் உண்டு. இரண்டு மூன்று வருஷம் மழை பொய்த்துக் கண்மாய் காய்ந்தால் கரை ஆழமாக வெடிக்கும். பிறகு வரும் முதல் பெருமழையில் எல்லோரும் கண்மாய் நிரம்பிய சந்தோஷத்தில் இருப்பார்கள். தண்ணீர் அந்த வெடிப்புகளைத் தேடிக்கொண்டிருக்கும். நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் நிறைவுதான் மண்கரைக்குச் சோதனை நாள்.

மடையை ஒட்டிய இடமும் அப்படித்தான். கல்லும் மண்ணும் சேரும் இடத்தில் இறுக்கம் குறையும், அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் தண்ணீர் போகும். கரைக்குக் குறுக்கே பிற்பாடு யாராவது குடிநீர்க் குழாயோ கேபிளோ பதித்தால் புதிதாக ஒரு மடை விளிம்பை உண்டாக்கியதாகிறது. வண்டல் அள்ளுகிறவர்கள் கரையின் அடியை ஒட்டித் தோண்டுவதும் இதே கணக்கில்தான் சேரும். உள்வாயில் படிந்த களிமண் ஒரு பாய் விரித்த மாதிரி கசிவைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. கரம்பை வயலுக்கு நல்லது, அள்ளட்டும். ஆனால் கரையைவிட்டு நன்றாகத் தள்ளி அள்ளட்டும்.

2019 ஜூலை 2-ம் தேதி இரவு மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி மாவட்டத்தின் திவரே அணை உடைந்தது. பாசனத்துக்குக் கட்டிய சின்ன மண் அணை. கீழே இருந்த குடியிருப்பு அடித்துப் போனது, இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். நண்டுகள்தான் காரணம் என்று மாநில அமைச்சர் ஒருவர் சொல்ல, நாடு முழுக்க அதைக் கேலி செய்தார்கள். நண்டு கரையைத் துளைக்கும் என்பது பொய்யல்ல. ஆனால் அணை கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். வளை தோண்டுவது நண்டின் இயல்பு. கசிவைப் போய்ப் பார்த்து அடைப்பது மனிதர்களின் வேலை. அந்த வேலை நடக்கவில்லை.

பழைய குளங்கள் தப்பிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இலங்கையில் திருகோணமலை மாவட்டத்தின் பழம்பெரும் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்தது. தூக்கத்திலிருந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் போனார்கள்.

இனி மேலே வழிவது. கண்மாய்க்குக் கலுங்கு எதற்கு? கரை தாங்காத வேலையைக் கல் தாங்குவதற்கு. நிறைந்த பிறகு வருகிற ஒவ்வொரு சொட்டும் கலுங்கு வழியாக மறுகால் பாய வேண்டும். கரை உச்சியை ஒருபோதும் தொடக் கூடாது. பழைய கலுங்குகளில் மேலே வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரமில்லை. ஐப்பசி, கார்த்திகைப் பெருமழையில் கற்களுக்கு நடுவே திறந்து விட்டுவிடுவார்கள். புயல் அபாயம் ஓய்ந்த பிறகு களிமண்ணும் தழையும் வைத்து இடைவெளியை அடைத்து, கூடுதலாக ஓர் அடி தேக்கிக்கொள்வார்கள். பருவம் பார்த்துத் தேக்கும் அறிவு அது. இன்று பல இடங்களில் கலுங்கை நிரந்தரமாகச் சிமெண்டு வைத்து உயர்த்திவிட ஆசைப்படுகிறார்கள். இன்னும் சில இடங்களில் உள்வாயில் வீடு கட்டியவர்கள் தண்ணீர் ஏறாமலிருக்கக் கலுங்கை உடைத்துவிட நினைக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் கலுங்கு தண்ணீர் அளவைக் கூட்டிக் குறைக்கும் கருவியாக மட்டும் தெரிகிறது. கரையின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பது தெரிவதில்லை.

கலுங்கின் அகலத்தைத் தீர்மானிக்க 1884-ல் ரைவ்ஸ் என்ற பொறியாளர் தென்னிந்தியாவுக்கு என்று ஒரு சூத்திரம் தந்தார். நீர்ப்பிடிப்புப் பரப்பை வைத்து எவ்வளவு வெள்ளம் வரும் என்று மதிப்பிடுவது. கடலிலிருந்து எவ்வளவு தூரம், மலைக்குப் பக்கமா என்று பார்த்து ஓர் எண்ணைப் போட்டுப் பெருக்குவார்கள். காடும் புஞ்சையுமாக இருந்த காலத்துக்கு நல்ல சூத்திரம். அதே நீர்ப்பிடிப்பில் இன்று மொட்டைமாடியும் தார் ரோடும் நாலுவழிச் சாலையும் வந்துவிட்டன. மண் குடித்துவிட்டு மெல்ல விட்ட தண்ணீரைக் கூரை உடனே தள்ளிவிடுகிறது. மழை அதேதான் என்றாலும் வெள்ளத்தின் உச்சம் சீக்கிரமாகவும் உயரமாகவும் வருகிறது. கலுங்கு மட்டும் தாத்தா காலத்து அகலத்திலேயே இருக்கிறது.

ஷட்டர் உள்ள அணைகளுக்கு இன்னொரு கவலை. கலுங்கு யாருடைய கைக்கும் காத்திராமல் வழியும். ஷட்டரை யாராவது தூக்க வேண்டும், தூக்கினால் அது அசைய வேண்டும். 2021 நவம்பர் 19-ல் ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்தில் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணையின் மண்கரை அடித்துப் போனது. மேலே பிஞ்சா அணை உடைந்து வெள்ளம் வந்த நேரத்தில் அன்னமய்யாவின் ஐந்து ஷட்டர்களில் ஒன்றைத் திறக்க முடியவில்லை. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்தில் ஒரு ஷட்டரே பிய்த்துக்கொண்டு போய், பெருவெள்ளம் நம் கையை மீறி ஓடியது. பெரிய அணையில், பொறியாளர்கள் இருக்கும் இடத்தில் இது நடக்கிறது. சாத்தையாறு அணையைத் தூர்வார வேண்டும் என்று அதன் பாசன விவசாயிகள் பல வருஷங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதைத் தண்ணீர்ப் பற்றாக்குறைக் கோரிக்கையாக மட்டும் பார்க்கிறோம். மண் மேவிய தேக்கம் சீக்கிரம் நிறையும், அடிக்கடி ஷட்டரை நம்ப வேண்டி வரும். ஆகவே அது பாதுகாப்புக் கோரிக்கையும்தான்.

பிஞ்சா உடைந்து அன்னமய்யா உடைந்தது போலத்தான் நம் கண்மாய்களின் அமைப்பும். இவை தனித்தனியாக இல்லை. ஒன்றின் மறுகால் அடுத்ததன் வரத்துக்கால். மேல் கண்மாய் ஒழுங்காக வழிந்தால் கீழ்க் கண்மாய்க்கு வரவு. மேல் கண்மாய் உடைந்தால் கீழ்க் கண்மாய்க்குத் தாங்க முடியாத வரவு. மதுரைக்கு வடக்கே இப்படிக் கண்மாய் கண்மாயாக இறங்கி வரும் தண்ணீர் கடைசியில் செல்லூர் கண்மாயில் சேர்ந்து பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போக வேண்டும். 2024 அக்டோபர் 25-ல் ஒரு பிற்பகல் மழையில் அந்த வாய்க்கால் கொள்ளாமல் செல்லூர்ப் பகுதித் தெருக்களுக்குள் தண்ணீர் புகுந்தது. எந்தக் கரையும் உடையாமலேயே அது நடந்தது. தண்ணீர் போகும் பாதை குறுகியிருந்தால் உடைய வேண்டிய அவசியம்கூட இல்லை. செல்லூரிலிருந்து வைகைக்குச் சிமெண்டு வாய்க்கால் போட அரசு நிதி ஒதுக்கியது நல்ல காரியம். அதே கண்ணால் மேலே இருக்கிற கரைகளையும் பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்கச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2021-ல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, அவசரகாலச் செயல்திட்டம், மாநில அளவில் பாதுகாப்பு அமைப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டருக்குள் இருந்து சில கூடுதல் நிபந்தனைகளில் ஒன்றையாவது நிறைவு செய்யும் அணைகளுக்கும்தான் அது பொருந்தும். குறைந்தது பத்து லட்சம் கன மீட்டர் கொள்ளளவு என்பது அந்த நிபந்தனைகளில் ஒன்று. நம் கணக்கில் சுமார் 35 மில்லியன் கன அடி. நாலைந்து மீட்டர் கரையுள்ள ஒரு கண்மாய் அதைவிட எத்தனை மடங்கு தண்ணீர் பிடித்தாலும், அதற்குக் கீழே எத்தனை ஆயிரம் பேர் வாழ்ந்தாலும், உயரம் போதாததால் அந்த வாசலுக்குள்ளேயே வராது.

சட்டம் எழுதியவர்களைக் குறை சொல்வது எளிது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் பெரிய அணைக்குரிய முறைகளைக் கேட்டால் எதற்குமே செய்ய முடியாது. ஒரு கோடு கிழிக்கத்தான் வேண்டும். என் வருத்தம் அந்தக் கோட்டை எங்கே கிழித்தார்கள் என்பதில் இருக்கிறது. சுவரின் உயரத்தை அளந்தார்கள், சுவருக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்பதை வாசலில் கேட்கவில்லை. வயலுக்கு மேலே இருக்கும் நாலு மீட்டர்க் கரையும் ஒரு நகருக்கு மேலே இருக்கும் நாலு மீட்டர்க் கரையும் ஒன்றல்ல. முதலாவது உடைந்தால் ஒரு போகம் போகும். நிர்வாகமும் பிரிந்து கிடக்கிறது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டுள்ளவை நீர்வளத் துறைக்கு, அதற்குக் கீழ் ஊராட்சி ஒன்றியத்துக்கு, நகர எல்லைக்குள் வந்தால் மாநகராட்சியும் உண்டு. கசிவைப் பார்த்தவர் யாரிடம் ஓட வேண்டும் என்பதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

முன்பு அந்தக் கேள்வி எழவில்லை. கரையைப் பார்க்க ஆள் இருந்தார், நீர்ப்பாய்ச்சி என்றும் மடைக்குடும்பர் என்றும் ஊருக்கு ஊர் பெயர். மழை இரவில் அரிக்கேன் விளக்கோடு கரையில் நடப்பது அவர் வேலை, அறுவடையில் அவருக்கு நெல் பங்கு. மடைக்கருப்பையும் கரைமேல் அய்யனாரையும் கும்பிடப் போகிறோம் என்று ஊரே கரையில் நடந்தது. அப்படி நடந்த கால்களில் ஒன்றாவது ஈரத்தை மிதித்திருக்கும். பிட்டுக்கு மண் சுமந்த கதையை மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், ஆவணி மூலத்தில் வருஷந்தோறும் பார்க்கிறோம். அந்தக் கதைக்குள் ஒரு நிர்வாகம் இருப்பதைத்தான் கவனிக்க வேண்டும். வைகைக் கரையை வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்திருக்கிறார்கள், பிட்டு விற்கும் கிழவி வந்திக்கும் ஒரு பங்கு. மற்றப் பங்கெல்லாம் அடைபட்டு வந்தியின் பங்கு அடைபடாமல் கிடந்தால் முழுக் கரையும் வீண். பாண்டியன் கோபம் கொண்டதற்கு அந்த நியாயமாவது இருந்தது.

ஊரே சேர்ந்து கரையைப் பராமரிக்கும் இந்தக் குடிமராமத்தை 1858-ல் வெள்ளைக்காரர்கள் கட்டாய உழைப்புச் சட்டமாக்கினார்கள். 2017-ல் அதே பெயரில் தமிழக அரசு திட்டம் கொண்டு வந்தது. பெரும்பாலும் தூர்வாருவதாகவே அது மக்கள் மனதில் நிற்கிறது. பழைய ஏற்பாடு ஏன் வேலை செய்தது என்பது பெயரில் இல்லை. கரைக்குக் கீழே இருந்தவர்களும் கரையால் பிழைத்தவர்களும் ஒரே ஆட்கள், அதனால் வேலை செய்தது. இப்போது நகரை ஒட்டிய கண்மாய்களில் ஆயக்கட்டு பிளாட்டாகிவிட்டது. பாசனம் இல்லை, ஆகவே நீர்ப்பாய்ச்சி இல்லை. கீழே இருக்கும் ஆட்களோ பத்து மடங்கு. அவர்களுக்குத் தண்ணீர் குழாயில் வருகிறது, கரை என்பது நடைப்பயிற்சிப் பாதை. ஆபத்துக்கு உட்பட்டவர்கள் பெருகப் பெருக, காவல் காக்கிறவர்கள் குறைந்துபோனார்கள்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. வைகை அணையில் 66 அடிக்கு முதல் எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது என்று இருக்கிறது. ஐந்து மாவட்டத்துக்காரர்களும் அந்த எண்களை அறிவார்கள். நகருக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு கண்மாயின் கலுங்கிலும் இப்படி ஒரு அளவுக் கல்லும், எந்தக் கோட்டில் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பலகையும் நட அதிகச் செலவாகாது. எந்தக் கரைகளுக்குக் கீழே வீடுகள் இருக்கின்றன என்று மாவட்ட நிர்வாகம் ஒரு பட்டியல் போட்டு, அவற்றை மட்டும் புரட்டாசியில் ஒரு தடவையும் தையில் ஒரு தடவையும் பொறியாளர் ஒருவர் நடந்து பார்த்தால் போதும். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் செய்யத் தடையில்லை. உடன் அந்தப் பகுதிக் குடியிருப்போரும் நடக்கட்டும். கலுங்குக்குக் கீழே மறுகால் ஓடும் பாதையில் பிளாட் போட அனுமதி கேட்டு வரும் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அந்தப் பாதையில் ஒரு தடவை நடந்திருந்தால் இன்னும் நல்லது.

நடக்கும்போது எதைப் பார்ப்பது? கரை உச்சியில் எங்காவது பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், வழிந்தால் அங்கேதான் முதலில் வழியும். வெளிச் சரிவில் எங்காவது மண் உப்பியோ சரிந்தோ இருக்கிறதா, சுற்றிலும் காய்ந்த புல்லுக்கு நடுவே ஓர் இடம் மட்டும் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். கசிவு தென்பட்டால் அதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். தெளிந்த தண்ணீரானால் இடத்தைக் குறித்துவைத்து மறுவாரம் வந்து அளவு கூடியிருக்கிறதா என்று பார்க்கலாம். பாட்டிலின் அடியில் மண் படிந்திருந்தால் மறுவாரம் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே சொல்லி மடையைத் திறந்து மட்டத்தை இறக்கச் சொல்லுங்கள்.